ஆதம் மலை ஏறிய பயணியும் வழிச்சோறும்

சப்ரகமுவ மாகாணத்தின் எல்லையில், இரத்தினபுரி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் சந்திக்கும் இடத்தில் 7,359 அடி உயரத்தில் எழுந்து நிற்கும் மலைக்குப் பெயர்கள் பல. சைவர்களுக்கு அது சிவனொளிபாதமலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மலை. உச்சியிலுள்ள பாதச் சுவடு யாருடையது என்பதில் இம்மக்களிடையே ஒருமித்த கருத்து என்றும் இருந்ததில்லை. ஆனால் அச்சுவட்டை நாடி நடந்து வருபவனுக்குப் பசிக்கும், அவனுக்கு உணவிடுவது அறம் என்பதில் எக்காலத்திலும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மார்கழிப் பௌர்ணமி தொடக்கம் வெசாக் பௌர்ணமி வரையான பருவகாலத்தில் பலாபத்தல வழியாகவும் குருவிட்ட, எரத்ன வழியாகவும் ஏறுவோர் இதனை இன்றும் நேரிற் காணலாம்.

இம்மலைக்கு வந்தோரில் உலகப் புகழ் பெற்றவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டில் அவர் இங்கு வந்தார். அவர் கடந்த தூரத்தையும் கண்ட அதிசயங்களையும் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராய் அலைந்த அம்மனிதருக்கு அன்றாடம் சோறிட்டவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அதிகம் எழுப்பப்படுவதில்லை. அக்கேள்வியோடு அவரது வாழ்க்கையை அணுகினால், நமது மலைநாட்டுக்கு மிகவும் நெருக்கமான ஒரு செய்தி அதில் கிடைக்கின்றது.

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், மொரோக்கோவின் வடகரைத் துறைமுக நகரான தஞ்சியரில், மார்க்கச் சட்ட அறிஞர்களைக் கொண்ட ஒரு குடும்பத்தில் பிறந்தார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது இருபத்தொன்றாவது வயதில், புனித ஹஜ் கடமையை நிறைவேற்றும் நோக்குடன் பெற்றோரைப் பிரிந்து தனியே புறப்பட்டார். போய்த் திரும்ப ஓரிரு ஆண்டுகள் போதும் என்று எண்ணத்தக்க பயணம் அது. அவர் மீண்டும் சொந்த மண்ணை மிதித்தபோது இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையும் தாயும் அதற்குள் இறந்துபோயிருந்தனர்.

பெருஞ்செல்வம் ஏதுமின்றிப் புறப்பட்ட இளைஞர் ஒருவரால் எகிப்து, சிரியா, ஈராக், பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கக் கரை என்று தொடர்ந்து செல்ல முடிந்தமைக்குக் காரணம் உண்டு. ஸக்காத் பெறுவதற்கு உரித்துடையோர் எனக் குர்ஆன் வகுத்துக் கூறும் எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வந்தனாக இருப்பவனும் வழியில் கைப்பொருள் இழந்தால் உதவிக்கு உரியவனாகின்றான். இந்தக் கொள்கையின் மீதே சூபி மடங்களும் வக்பு சொத்துக்களால் நடத்தப்பட்ட பயணியர் விடுதிகளும் எழுந்தன. அவற்றில் படுக்க இடமும் உண்ண உணவும் கிடைத்தன.

இன்றைய துருக்கிக்குள் அடங்கும் அனத்தோலியாவில் அவர் கண்டது இன்னும் வியப்புக்குரியது. அந்தாலியா நகரில் கிழிந்த உடையணிந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழைக்குச் சுமையாகி விடுவோமோ என்று பயணி தயங்கினார். அங்குள்ளோர் விளக்கிய பின்னரே உண்மை தெரிந்தது. அம்மனிதர் இருநூறு கைவினைத் தொழிலாளர்களைக் கொண்ட ஒரு சகோதர சங்கத்தின் தலைவர். பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை அவர்கள் மாலையில் ஒன்றாகச் சேர்த்து, ஊருக்கு வரும் அந்நியர்களுக்கு உணவளித்து வந்தனர். வேறொரு நகரில் இத்தகைய இரு சங்கத்தினர், பயணியைத் தங்கள் மடத்துக்கு அழைத்துச் செல்லும் உரிமை யாருக்கு என்பதில் கத்தியை உருவும் அளவுக்குத் தமக்குள் மோதிக்கொண்டனர். விருந்தோம்பல் செல்வந்தரின் பெருமை மட்டுமல்ல, உழைப்பாளியின் உரிமையும் கூட என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1330களின் நடுப்பகுதியில் டில்லி வந்து சேர்ந்த இப்னு பதூதாவை, சுல்தான் முகம்மது பின் துக்ளக் அந்நகரின் காழி பதவியில் அமர்த்தினார். முன்னைய சுல்தான் குத்புத்தீனின் அடக்கத்தலத்தை நிர்வகிக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் வட இந்தியாவில் கொடும் பஞ்சம் நிலவியது. அடக்கத்தலத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணங்கு மாவும் அதேயளவு இறைச்சியும் சமைத்து வழங்க அரசன் ஏற்பாடு செய்திருந்தான். அது போதாதென்று கண்ட இப்னு பதூதா, தம் பொறுப்பிலிருந்த வருவாயைக் கொண்டு அதனை முப்பத்தைந்து மணங்கு மாவாகவும் முப்பத்தைந்து மணங்கு இறைச்சியாகவும் உயர்த்தினார். பணியாளர்களுடன் வருவோர் போவோர் யாவரும் உண்டனர். அதுவரை பிறர் இட்டதை உண்டு வந்த பயணி, முதன்முறையாகப் பிறருக்கு அன்னமிடும் அகப்பையைப் பிடித்தது அங்கேதான்.

அவரும் குறைகளற்ற மனிதரல்லர். ஆடம்பரத்தில் நாட்டமும், அரசர்களிடமிருந்து பரிசு பெறுவதில் ஆவலும், தாராளச் செலவினால் வந்த பெருங் கடனும் அவருக்கு இருந்தன. சுல்தானின் சினத்துக்கு ஆளான ஒரு ஞானியைச் சந்திக்கச் சென்றமையால் உயிருக்கே ஆபத்து வந்தபோது, உடைமைகளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, டில்லிக்கு வெளியே குகையில் வாழ்ந்த துறவி ஒருவரிடம் சேர்ந்து நோன்பும் வணக்கமுமாகச் சில மாதங்களைக் கழித்தார். துறவியின் பசி எத்தகையது என்பதை உடலால் அறிந்த காலம் அது. பின்னர் அரசன் அவரை மீண்டும் அழைத்துச் சீனப் பேரரசரிடம் தூதுவராக அனுப்பினான்.

அத்தூதுப் பயணம் தொடக்கத்திலேயே சிதைந்தது. இன்றைய அலிகார் அருகே கொள்ளையரிடம் சிக்கி, உடுத்த உடையைத் தவிர யாவற்றையும் இழந்து, காட்டுக் காய்களையும் இலைகளையும் தின்று பல நாட்கள் அலைந்தார். முன்பின் அறியாத கரிய நிறத்து மனிதர் ஒருவர் எதிர்ப்பட்டு, தம் பையிலிருந்த தானியத்தை உண்ணக் கொடுத்து, நடக்க இயலாத அவரைத் தம் முதுகில் சுமந்து ஓர் ஊரருகே சேர்த்துவிட்டு மறைந்தார். கோவாவுக்குத் தெற்கே ஒரு சிறு தீவில், கோயிற் சுவரில் சாய்ந்து மௌனமாக அமர்ந்திருந்த யோகி ஒருவரைக் கண்டார். பயணிகள் கொடுத்த உணவை அந்த யோகி ஏற்கவில்லை. மாறாக, அவரே அவர்களுக்குத் தேங்காய் தந்தார். பொற்காசுகளை நீட்டியபோது மறுத்தார். பிரியும் வேளையில் இப்னு பதூதா அவரது கையை முத்தமிட்டார். உடன் வந்தோர் அதனை விரும்பவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார்.

மலபார்க் கரையில் அவர் கண்டது வேறொரு முகம். நெடுந்தெருவில் அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான தங்குமடங்கள் இருந்தன. எம்மதத்தவரும் அவற்றில் அமரலாம். ஒவ்வொன்றிலும் கிணறும், தண்ணீர் வார்க்க ஓர் ஆளும் உண்டு. ஆனால் இந்துப் பயணிக்குப் பாத்திரத்தில் தரப்பட்ட தண்ணீர், முஸ்லிம் பயணிக்குக் கையில்தான் ஊற்றப்பட்டது. முஸ்லிம் வீடுகள் இல்லாத ஊர்களில் அவனுக்குச் சோறு சமைத்து வாழையிலையில் இட்டார்கள். வீட்டுக்குள் அவனைச் சேர்ப்பதில்லை, தமது பாத்திரத்தில் உண்ண விடுவதுமில்லை. தாகம் தீர்க்கப்பட்டது, இடைவெளி தீரவில்லை. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்த கண்களோடுதான் அவர் இலங்கைக்கு வந்தார்.

மாலைதீவில் காழியாகக் கடமையாற்றி, அங்குள்ள அதிகாரிகளுடன் முரண்பட்டு வெளியேறிய இப்னு பதூதாவின் கப்பல், 1344இல் காற்றின் போக்கால் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. கரையிறங்குவதற்கு மாலுமி அஞ்சினான். இப்னு பதூதா துணிந்து இறங்கி, அப்போது புத்தளத்தில் இருந்த யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர் அவரை மூன்று நாட்கள் உபசரித்து, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்குமாறு கூறினார். ஆதம் நபியின் பாதச் சுவட்டைத் தரிசிப்பதைத் தவிர இத்தீவில் தமக்கு வேறு விருப்பம் இல்லை என்று பயணி பதிலளித்தார்.

மன்னர் செய்து கொடுத்த ஏற்பாட்டை இங்கு நிதானித்துப் பார்க்க வேண்டும். பயணிக்கு ஒரு பல்லக்கு. வழிகாட்ட, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று வரும் நான்கு யோகிகள். அவர்களுடன் மூன்று பிராமணர்கள், வேறு பத்துத் துணைவர்கள், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து ஆட்கள். ஒரு சைவ மன்னரின் களஞ்சியத்திலிருந்து எடுத்த உணவு, இந்துத் துறவிகளுக்கும் ஒரு முஸ்லிம் மார்க்க அறிஞருக்குமாக ஒரே சுமையில் மலையை நோக்கிச் சென்றது. தமது யாத்திரை வேறு, அந்த யோகிகளின் யாத்திரை வேறு என்று அவர்களில் எவரும் பிரிந்து நடக்கவில்லை. வழியில் முதற்கண் தங்கிய ஊரின் மக்களும் அரிசி, நெய், மீன், கோழி, பால் ஆகியவற்றைக் கொண்டு வந்து நல்விருந்தளித்தனர். அவ்வூரில் நோயினால் பின்தங்கிக் கிடந்த குராசான் நாட்டு முஸ்லிம் ஒருவரும் இக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

இத்தீவில் முஸ்லிம் பக்கீர்களுக்குக் கிடைத்த மதிப்புக்குக் காரணமாக அவர் ஒரு பழங்கதையைக் கூறுகின்றார். பத்தாம் நூற்றாண்டின் ஷீராஸ் நகர ஞானி அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப், முப்பது பக்கீர்களுடன் இம்மலைக்கு வந்தபோது வழிதவறி, உணவின்றிப் பசியில் வாடினாராம். சிறிய யானையொன்றைப் பிடித்து உண்ணச் சீடர்கள் அனுமதி கேட்டனர். ஞானி தடுத்தார். பசி மேலிட, அவர்கள் சொல்லை மீறி உண்டனர். இரவில் திரண்டு வந்த யானைகள் ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றுவிட்டு, உண்ணாத ஞானியை மட்டும் முதுகிலேற்றி மக்கள் வாழும் இடத்தில் கொண்டுபோய் விட்டன. அதுவரை பக்கீர்களைத் தடுத்து வந்த மக்கள், அதன் பின் முஸ்லிம்களைத் தம் வீடுகளுக்குள் அழைத்து, மனைவி மக்களுடன் பழகவிட்டு, உண்ணவும் கொடுத்தனர் என்கிறார். மலபாரில் கையில் ஊற்றப்பட்ட தண்ணீரை அவர் மறந்திருக்கவில்லை.

எனினும் இங்கும் யாவும் இனிமையாக இருந்தன என்று அவர் எழுதவில்லை. குனகார் என்று அவர் குறிப்பிடும் தலைநகருக்கு வெளியே ஷெய்க் உஸ்மான் என்னும் ஷீராஸ் நாட்டவரின் பள்ளிவாசல் இருந்தது. மன்னரும் மக்களும் மதித்துப் போற்றிய அவரே முன்பு மலைக்கு வழிகாட்டியாக இருந்தவர். பசுவை அறுத்த குற்றத்துக்காக அவரது கையும் காலும் துண்டிக்கப்பட்டன. அக்குற்றத்துக்குரிய மரண தண்டனை, அவர்மீது இருந்த மதிப்பினால் இவ்வாறு குறைக்கப்பட்டது. பின்பு அவரது வாழ்வுக்கு அரசன் ஒரு சந்தையின் வருமானத்தையும் ஒதுக்கினான். உணவு மனிதரை இணைத்தது போலவே பிரித்தும் வந்துள்ளது. இரண்டையும் ஒரே நூலில் பதிவு செய்த நேர்மையே இப்னு பதூதாவின் சாட்சியத்துக்கு எடை சேர்க்கின்றது.

மலைக்கு ஏற இரு பாதைகள் இருந்தன. கடினமான பாதை பாபா ஆதமின் பெயராலும், எளிய பாதை மாமா ஹவ்வாவின் பெயராலும் அழைக்கப்பட்டன. எளிய வழியில் ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படவில்லை. செங்குத்தான பாறையில் பதிக்கப்பட்ட சங்கிலிகளைப் பற்றி ஏறினார்கள். அட்டைகளின் மீது எலுமிச்சம் பழத்தைப் பிழிந்துவிட்டு நடந்தார்கள். உச்சிக்குக் கீழே ஹிழ்ர் நபியின் பெயர்கொண்ட குகையில் மூன்று நாட்கள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது வழக்கம். பாறைக் குழிகளில் யாத்திரிகர் பொன்னையும் மணியையும் இட்டுச் செல்வர். வறிய பக்கீர்கள் முந்திச் சென்று அவற்றை எடுத்துக்கொள்வர். பாதத்துக்குக் காணிக்கையாக வைத்தது பசித்தவனின் கைக்குப் போவதை யாரும் குற்றமாகக் கொள்ளவில்லை.

இத்தகைய வழியறம் இப்னு பதூதாவின் காலத்தில் திடீரெனத் தோன்றியதன்று. அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு, 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், மலைக்குச் செல்வோர் படும் துன்பத்தை அறிந்து, வழியில் அவர்களுக்கு உணவளிப்பதற்காக இன்றைய இரத்தினபுரி மாவட்டத்திலுள்ள கிலிமலே என்னும் பெரிய கிராமத்தையே தானமாக வழங்கினான் என்று சூளவம்சம் கூறுகின்றது. ஓர் ஊரின் வயல் முழுவதும் வழிப்போக்கனின் வயிற்றுக்கென எழுதி வைக்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கித் தென்கரை சென்ற இப்னு பதூதா, தேவந்துறைப் பெருங்கோயிலில் சுமார் ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும் இருந்ததைக் கண்டார். அந்நகரின் வருவாய் முழுவதும் கோயிலுக்கே உரியதாகவும், அங்கிருப்போரும் அங்கு வருவோரும் அதிலிருந்தே உணவு பெற்றதாகவும் அவர் குறிப்பிடுகின்றார். தம் மண்ணின் வக்பு முறையை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

சைவ மரபில் அடியார்க்கு அமுதளிப்பது மகேசுவர பூசை எனப் போற்றப்படுகின்றது. மழை இரவில் வந்த அடியாருக்குக் கொடுக்க ஏதுமின்றி, அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரி வந்து சமைத்திட்ட இளையான்குடி மாற நாயனாரைப் பெரியபுராணம் பாடுகின்றது. அந்த இளையான்குடி இன்று முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர். ஊரின் குடிகள் மாறினாலும், பசித்து வருபவனை வாசலில் நிறுத்தலாகாது என்னும் அறம் மாறுவதில்லை.

இலங்கையிலிருந்து தமிழகம் சென்ற இப்னு பதூதாவின் கப்பல் கரைக்கு அருகே உடைந்தது. மதுரை சுல்தானிடம் சில காலம் தங்கியபின் மலபார்க் கரையோரமாகச் செல்கையில் கடற்கொள்ளையர் தாக்கி, இலங்கை மன்னர் பரிசளித்த முத்துக்களையும் மாணிக்கங்களையும் பறித்தனர். நல்லோர் அன்புடன் கொடுத்த உடைகளும் வழியுணவும் கூட அத்துடன் போயின. பின்னர் வங்காளம், சீனா வரை சென்றதாகக் கூறி, கொள்ளைநோய் உலகைச் சூறையாடிய காலத்தில், 1349இல் தாயகம் திரும்பினார். சில மாதங்களுக்கு முன்னர்தான் அவரது தாயார் அந்நோய்க்கு இரையாகியிருந்தார். அதன் பின்பும் ஸ்பெயினுக்கும், சகாரா கடந்து மாலி நாட்டுக்கும் சென்றார். மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத, 1355 டிசம்பரில் அவரது பயண நூல் நிறைவுற்றது. பல ஆண்டுகளின் பின் நினைவிலிருந்து சொன்னமையால் சில பகுதிகளை ஆய்வாளர்கள் ஐயுறுவதுண்டு. எஞ்சிய காலத்தை ஒரு சிற்றூரின் காழியாகக் கழித்து, 1368 அல்லது 1369ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மணிகள் கொள்ளை போயின. இடப்பட்ட சோற்றின் நினைவு நூலாக எஞ்சியது.

அவர் நடந்து சென்ற மலையின் அடிவாரம் இன்று தேயிலையும் இறப்பரும் நிறைந்த தோட்டங்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயன்களில் வாழும் தமிழர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தோரின் வழித்தோன்றல்கள். வழிநெடுகப் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களே கடுமையாக வாடின. 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் அவ்வாறே. பசியை இவ்வளவு அறிந்த மக்கள், தம் அம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானம் நடத்துகின்றார்கள். பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில் தப்தர் ஜெய்லானியை நாடி வந்த முஸ்லிம்கள் கந்தூரிச் சோற்றைப் பகிர்ந்தார்கள். வெசாக் காலத்தில் சிங்களக் கிராமத்தவர் தன்சல் அமைத்து வீதியில் போவோரை வழிமறித்து உண்ண அழைக்கின்றார்கள். பெயர்கள் மூன்றாயினும் பானை ஒன்றே.

ஆனால் இதே நாட்டில்தான் 2013இல் ஹலால் முத்திரை பகைமைக்குரிய பொருளாக்கப்பட்டது. 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியால் அம்பாறையில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டிதான் என்று அரசாங்க பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் எரிந்தவை எரிந்துவிட்டன. பிறன் கையால் உண்பதற்கே அஞ்சும் நிலைக்கு ஒரு சமூகம் வந்துவிட்டால், அதன் பிறகு அங்கு ஒப்பந்தங்களும் மாநாடுகளும் சாதிக்கக் கூடியவை மிகச் சொற்பம்.

ஆரியச் சக்கரவர்த்தி, தம் விருந்தினரை மதம் மாற்ற முயலவில்லை. பாதம் சிவனுடையதா, ஆதமுடையதா என்று வாதிடவும் இல்லை. பதினைந்து பேரின் தலையில் உணவை ஏற்றி, யோகிகளுடன் அவரை அனுப்பி வைத்தார். மலையேறும் பருவம் ஆண்டுதோறும் வருகின்றது. அப்பாதையோரத்தில் ஒரு குவளைத் தேநீரோ ஒரு பிடி சோறோ கொடுக்க நம்மில் எவராலும் முடியும். வாங்குபவர் எந்தப் பெயரால் அம்மலையை அழைக்கின்றார் என்று கேட்காமல் கொடுப்பதே அந்த மன்னரும், கிலிமலே வயல்களும் நமக்கு விட்டுச் சென்ற மரபு.